சாவே இல்லாத வாழ்வு கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாமா?

கேள்வி:

வைத்தியர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 66. அரச திணைக்களமொன்றில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்று, வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் மகளின் குடும்பத்துடன் வசிக்கிறேன். சென்ற ஆண்டு என் மனைவி புற்றுநோயால் காலமானார். வருகிற மாதம் ஆட்டைத் திவசம். கனடாவில் இருக்கும் மகனால் இறுதிக்கிரியைக்கு மட்டுமே வந்து சேர முடிந்தது. இன்னும் முப்பது ஆண்டுகளில் மூப்பையே வென்றுவிடுவார்கள், அதுவரை உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் அப்பா என்று சொல்லி, முதுமையைத் தள்ளிப்போடும் என விற்கப்படும் மாத்திரைப் போத்தல்களை அவர் மாதந்தோறும் அனுப்புகிறார். என் தங்கையோ, “சாகாமல் இருந்து என்ன செய்யப் போறீங்கள் அண்ணா, அது வரமில்லை, சாபம்” என்கிறார். இதற்கிடையில் ஐந்து வயதுப் பேத்தி ஒருநாள், “அம்மம்மா மாதிரி நீங்களும் செத்துப் போவீங்களோ தாத்தா?” என்று கேட்டாள். “இல்லை, தாத்தா எப்பவும் இருப்பன்” என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து இரவில் உறக்கம் இல்லை. மனைவியின் குரல் மறந்துபோய்விடுமோ என்ற பயம் வேறு. உண்மையிலேயே என்றென்றும் வாழக் கிடைத்தால் அது வரமா, சாபமா? சாபம் என்றால் என் மனம் ஏன் அதைக் கேட்கிறது? இந்த வயதில் இப்படி ஆசைப்படுவது பிழையா?

— வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்:

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் கடைசிக் கேள்விக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை: ஆசைப்படுவது பிழையே அல்ல. கொழும்பில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக முதியவர்களுக்கு வைத்தியம் பார்த்து வருகிறேன். எண்பதைத் தாண்டியவர்களும் அடுத்த கிளினிக் திகதியைக் கவனமாகக் குறித்துக்கொண்டு போவதைத்தான் கண்டிருக்கிறேன். வாழ விரும்புவது உயிரின் இயல்பு. அதற்காக யாரிடமும் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

வரமா, சாபமா என்ற கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் மகன் ஒன்றைச் சொல்கிறார், தங்கை அதற்கு எதிரானதைச் சொல்கிறார். கடிதத்தைத் திரும்ப வாசித்தபோது இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை என்றே எனக்குத் தோன்றியது. மகன் சொல்வது மூப்பு வராத உடம்பு. தங்கை மனதில் காண்பது, கண் மங்கி, முழங்கால் மடங்காமல், கட்டிலோடு கிடந்து முடிவில்லாமல் நீளும் முதுமை. இவை இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்றும் உண்டு: தானே விரும்பினாலும் சாக முடியாத நிலை. மூன்றையும் சாவாமை என்ற ஒரே சொல்லால் அழைப்பதால்தான் வாதம் முடிவதில்லை.

நம் புராணங்கள் இந்த வேறுபாட்டை நன்றாகவே அறிந்திருந்தன. சிரஞ்சீவிகள் என்று ஏழு பேரைச் சொல்வார்கள்; அந்த வரிசையில் அசுவத்தாமனும் இருக்கிறான், விபீடணனும் இருக்கிறான். அசுவத்தாமனுக்குச் சாவாமை தண்டனையாக வந்தது: ஆறாத புண்ணோடும், பேசுவதற்கு ஒருவரும் இல்லாமலும், காடுகளில் அலைய வேண்டும் என்பதே அவனுக்கு இடப்பட்ட சாபம். விபீடணனுக்கோ அது ஒரு பொறுப்போடு சேர்ந்து வந்தது. இலங்கையைக் காக்கும் தெய்வமாக அவனைக் கருதி, களனி விகாரையில் உள்ள அவனது சந்நிதியில் இன்றும் மக்கள் பூத்தட்டுடன் நிற்கிறார்கள். அந்த வரிசைக்கு வெளியே நிற்கும் மார்க்கண்டேயனுக்கு என்றும் பதினாறு வயது. மூவருக்கும் கிடைத்தது ஒன்றுதான் என்றாலும், உடம்பின் நிலையும், உடன் இருப்போரும், செய்வதற்கு இருந்த வேலையும் வேறு வேறாக இருந்ததால் ஒருவனுக்கு அது சாபமாயிற்று, மற்றவர்களுக்கு வரமாயிற்று. ஆகவே எத்தனை ஆண்டுகள் என்று மட்டும் கேட்டால் விடை கிடைக்காது என்பதை இந்தக் கதைகளைச் சொன்னவர்கள் கண்டிருந்தார்கள்.

இனி, உங்கள் மகன் நம்பும் விஞ்ஞானம் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். மருத்துவம் மனிதரின் ஆயுளை நீட்டியது உண்மை, அதற்கு நம் நாடே நல்ல சான்று. 1946இல் இலங்கையில் பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைகளிலும் ஏறத்தாழ 140 குழந்தைகள் முதலாவது பிறந்தநாளைக் காணவில்லை. இன்று அந்த எண்ணிக்கை 10க்கும் குறைவு. மலேரியா ஒழிப்பும், தடுப்பூசியும், குடும்ப நல மாதர்கள் வீடு வீடாகப் போய்ச் செய்த பணியும் சேர்ந்து, அன்று 45 ஆண்டுகளை எட்டாதிருந்த சராசரி ஆயுளை 75க்கு அப்பால் கொண்டுவந்து சேர்த்தன. ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது, சராசரி உயர்ந்ததற்குப் பெரும் காரணம் குழந்தைகள் இறக்காமல் தப்பியதே. முதியவர்களின் மேல் எல்லை அதே அளவில் உயரவில்லை. உறுதிப்படுத்தப்பட்ட வயதுகளில் மிக அதிகமானது பிரான்சைச் சேர்ந்த ழான் கல்மோன் என்ற பெண்மணியுடையது: 1875இல் பிறந்து 1997இல், 122 வயதில் இறந்தார். அதன்பின் இத்தனை மருத்துவ முன்னேற்றம் நடந்தும் அந்த வயதை இன்னும் ஒருவரும் எட்டவில்லை.

மூப்பு என்பது ஒரு நோயல்ல, உடம்பின் பல பழுதுபார்க்கும் வேலைகள் ஒன்றாகத் தளர்வது. 1825இலேயே பெஞ்சமின் கொம்பேர்ட்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து, வயது ஏற ஏறச் சாவின் வாய்ப்பு பெருக்கல் முறையில் கூடுகிறது என்று காட்டினார். நடுவயதுக்குப் பின் ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகிறது. கணக்காளரான உங்களுக்குக் கூட்டுவட்டியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. புற்றுநோயை முற்றாக ஒழித்தாலும் இதயம் காத்திருக்கும், இதயத்தைக் காத்தால் மூளை காத்திருக்கும். 65க்குப் பின் மறதி நோயின் வாய்ப்பும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. இந்த வளைவையே தாழ்த்த முடியுமா என்றுதான் இப்போது ஆய்வு செய்கிறார்கள். ராபமைசின் என்ற மருந்து, வயதான சுண்டெலிகளின் ஆயுளைக்கூட 9 முதல் 14 சதவீதம் வரை நீட்டியதாக 2009இல் வெளிவந்த ஆய்வு உண்மையான நம்பிக்கையைத் தந்தது. ஆயினும் அது மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு நோயெதிர்ப்பை அடக்குவதற்காகக் கொடுக்கப்படும் மருந்து. நலமாக இருக்கும் மனிதர் அதை உண்டு அதிக காலம் வாழ்ந்தார் என்று இன்றுவரை ஒருவரும் நிறுவவில்லை. உங்களுக்குப் போத்தலில் வரும் மாத்திரைகளுக்கு அந்த அளவு சான்றும் கிடையாது. மூப்பைத் தள்ளிப்போட்டு நலமான மனிதரின் ஆயுளை நீட்டும் என்று நிறுவப்பட்ட மாத்திரை எதுவும் இன்று உலகத்தின் எந்தக் கடையிலும் விற்கப்படவில்லை என்பதை நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். மூப்பை முற்றாக வென்று, எல்லோரும் என்றும் முப்பது வயது உடம்போடு இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். காலி வீதியைக் கடக்கும்போது பஸ் மோதும், கடலில் சுழி இழுக்கும், புதிய தொற்று வரும். அப்படி ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் இறப்பதாகக் கொண்டாலும், சராசரி ஆயுள் 1,000 ஆண்டுகள்தான். பாதிப் பேர் 700 ஆண்டுகளுக்குள் போய்விடுவார்கள். அது மிக நீண்ட வாழ்வே தவிர முடிவில்லாத வாழ்வு அல்ல. உங்கள் மகனின் கனவு முழுமையாக நிறைவேறினாலும், பேத்தியிடம் நீங்கள் சொன்ன ‘எப்பவும்’ என்ற சொல் உண்மையாகாது.

தங்கையின் பக்கத்துக்கு வருகிறேன். முதியவர்கள் வாழ்ந்து சலித்தவர்கள், நீண்ட வாழ்வு தானாகவே கசந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் அப்படித்தான் எண்ணினேன். கொட்டாஞ்சேனையிலிருந்து 84 வயது அம்மா ஒருவரைப் பிள்ளைகள் அழைத்து வந்தார்கள். “கடவுள் என்னை மறந்துபோனார் டொக்டர்” என்பதைத் தவிர அவர் வேறெதுவும் பேசவில்லை. பரிசோதித்தபோது இரு கண்களிலும் புரை முற்றியிருந்தது, காது ஏறக்குறைய அடைத்திருந்தது, முழங்கால் வலிக்கு ஒழுங்கான மருந்து ஒன்றும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. கண் சத்திரசிகிச்சை முடிந்து, காதுக்குக் கருவி பொருத்தி, வலியையும் கட்டுப்படுத்திய பிறகு, நான்கு மாதங்களில் அவர் தானே பத்திரிகை வாசித்துக்கொண்டு, மருமகள் வைத்த மீன் குழம்பில் புளி கூடிவிட்டது என்று முறையிடத் தொடங்கினார். கடவுள் மறந்த பேச்சு அதன்பின் வரவேயில்லை. போதும் என்று சொல்லும் முதியவரைப் பார்த்து, பக்குவம் வந்துவிட்டது என்று நாம் பாராட்டிவிட்டுப் போவது எத்தனை பெரிய கொடுமை என்பதை அந்த அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன். வலியும், தனிமையும், சிகிச்சை பெறாத மனச்சோர்வும் பேசும் பேச்சை நாம் ஞானமாக எடுத்துக்கொள்கிறோம்.

அதற்காக எல்லாப் ‘போதும்’களும் அப்படி என்று சொல்ல மாட்டேன். 91 வயதில் ஒரு பெரியவர், நல்ல தெளிவோடு, வலியோ சோர்வோ இல்லாத நிலையில், பெரிய சத்திரசிகிச்சை ஒன்றை வேண்டாம் என்று மறுத்தார். ஏன் என்று கேட்டேன். “நான் பேச வேண்டிய ஆட்கள் எல்லாரும் போயிட்டினம் டொக்டர். இருக்கிறவை நல்லவை. ஆனால் என்ர பகிடி அவையளுக்கு விளங்குறதில்லை” என்றார். அதில் கசப்பு இல்லை. அந்த விடையை நான் இன்றும் மறக்கவில்லை. உடம்பை நான் சரிப்படுத்தலாம். ஒருவரின் பகிடிக்குச் சிரிக்கும் ஆட்களை எந்த மருந்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. கல்மோன் அம்மையாரின் வாழ்விலும் இதுவே நடந்தது: மகள் 1934இல், கணவர் 1942இல், ஒரே பேரன் 1963இல் இறந்தார்கள், அதற்குப் பின்னரும் அவர் 34 ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் கலகலப்பானவர் என்று பெயர் எடுத்தவர், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்த 34 ஆண்டுகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என் மனம் சிறிது நின்றுவிடுகிறது.

சாவு இருப்பதால்தான் வாழ்வுக்குப் பொருள் இருக்கிறது என்ற ஆறுதலை உங்களுக்குப் பலர் சொல்லியிருப்பார்கள். அதை நான் ஏற்பதில்லை. உங்கள் மனைவி இறக்கப் போகிறவர் என்பதற்காக நீங்கள் அவரை நேசிக்கவில்லை. பேத்தி ஒருநாள் வளர்ந்து பிரிவாள் என்பதற்காக அவளைத் தூக்கிக் கொஞ்சவில்லை. சாவு நேசத்துக்குக் கூர்மை கொடுக்கலாம், ஆனால் நேசத்தை அது உண்டாக்குவதில்லை. பத்தாண்டு கூடுதலாகக் கிடைத்திருந்தால் நீங்கள் இருவரும் அதை நன்றாகவே வாழ்ந்திருப்பீர்கள். அந்தப் பத்தாண்டு கிடைக்காதது இழப்புத்தான். அதை இழப்பல்ல என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அதேபோல் நெடுநாள் வாழ்ந்தால் எல்லாம் சலித்துவிடும் என்ற வாதமும் எனக்கு வலுவாகத் தெரியவில்லை. நாற்பது ஆண்டுகளாக மாலைதோறும் காலி முகத்திடலுக்குப் போய் அதே கடலைப் பார்த்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கடல் சலிக்கவில்லை.

சலிப்பை விட எனக்குப் பெரிதாகப் படுவது மறதி. மூளை நினைவுகளைப் பேழையில் பூட்டி வைப்பதில்லை; ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் அதை எடுத்து, சிறிது மாற்றி, மீண்டும் வைக்கிறது. 66 ஆண்டுகளிலேயே உங்கள் முதலாம் வகுப்பு ஆசிரியரின் முகம் மங்கியிருக்கும். 800 ஆண்டுகள் கழித்து, உங்கள் பெயரைத் தாங்கி, உங்கள் உடம்போடு நடக்கும் அந்த மனிதருக்கு, முப்பத்தைந்து நாற்பது ஆண்டுகள் தன்னோடு வாழ்ந்த பெண்ணின் குரல் என்னவாக இருக்கும்? உங்களுக்கு உங்கள் கொள்ளுப்பாட்டனாரின் தாயார் என்னவோ, அந்த மனிதருக்கு உங்கள் மனைவி ஏறக்குறைய அப்படித்தான் இருப்பார். அவரை மறக்காமல் இருப்பதற்காகத்தான் நீங்கள் என்றென்றும் வாழ விரும்புகிறீர்கள் என்றால், ஐயா, முடிவில்லாத காலமே அவரை உங்களிடமிருந்து முழுமையாக எடுத்துக்கொள்ளும். இதை எழுதவே எனக்குக் கை தயங்குகிறது. ஆனால் கடிதத்தில் அந்தப் பயத்தை நீங்களே சொல்லியிருப்பதால், என் விடையில் இதை ஒளிப்பது நேர்மையாகாது.

அவரின் நோயைப் பற்றியும் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். உடம்பில் நாள்தோறும் 5,000 கோடிக்கும் மேற்பட்ட கலங்கள் ஒழுங்காகத் தம்மை முடித்துக்கொள்கின்றன. கருவில் துடுப்புப் போல் இருக்கும் கை விரல்களாகப் பிரிவதே, இடையில் இருக்கும் கலங்கள் இறந்து வழிவிடுவதால்தான். சாதாரணக் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்தால், ஏறத்தாழ ஐம்பது தடவை பிரிந்தபின் அவை நின்றுவிடும் என்பதை லெனார்ட் ஹேஃப்ளிக் 1961இல் காட்டினார். அந்த எல்லையை மீறிய கலங்கள்தான் புற்றுநோய்க் கலங்கள். ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண் 1951இல், 31 வயதில் இறந்தார். அவரது அனுமதி கேட்காமல் எடுக்கப்பட்ட கட்டியின் கலங்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வுகூடங்களில் பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஐந்து பிள்ளைகளின் தாய் போய்விட்டார், அவரைக் கொன்ற கலங்கள் சாகவில்லை. கலத்துக்குப் பொருந்துவது மனிதருக்கும் பொருந்த வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அது தவறான வாதம். ஆனால் மூப்பை நிறுத்தும் முயற்சி ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு இதுவே பெரிய காரணம்: கலங்களின் எல்லையைத் தளர்த்தும் ஒவ்வொரு வழியும் புற்றுநோயின் வாசலை உரசியே போகிறது.

சாவாமை ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவர்களின் கதி என்ன என்பதையும் நம்மவர்கள் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதியமான் தனக்கு அரிதாகக் கிடைத்த நெல்லிக்கனியை, அதன் பயனைச் சொல்லாமலே ஔவைக்குக் கொடுத்த கதையைப் பள்ளியில் எல்லோரும் படித்தோம். கொடையின் பெருமை என்று அதை விளக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். அந்தக் கதையின் மறுபாதியை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அதியமான் போரில் மாண்டபின் அவனுக்காகக் கையறுநிலை பாடியதும் அதே ஔவைதான். சாதலை நீக்கும் கனியை உண்டவர், அதைக் கொடுத்தவனின் பிரிவைத் தாங்க வேண்டியவரானார். சாவா மருந்தே ஆனாலும் தனித்து உண்ணலாகாது என்ற எண்ணம் நம் மொழியில் பழங்காலம்தொட்டே இருப்பதற்கு விருந்தோம்பல் மட்டும் காரணமல்ல என்று எனக்கு அடிக்கடி தோன்றும்; தனியாக உண்டவருக்கு என்ன நேரும் என்பதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

சரி, எல்லோரும் உண்ணட்டும் என்றால்? உலக மக்கள்தொகை 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 13 கோடி குழந்தைகள் பிறக்கின்றன, 6 கோடிப் பேர் இறக்கிறார்கள். இறப்பு நின்றுவிட்டால் விரைவிலேயே பிறப்பையும் நிறுத்தியாக வேண்டும், வேறு வழியில்லை. முதலாம் வகுப்புகள் மூடப்பட்ட ஓர் ஊரை, பதவியில் இருப்பவர் ஒருபோதும் இறங்காத ஒரு நாட்டை எண்ணிப் பாருங்கள். இதைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் உங்கள் கேள்வி உலகத்தைப் பற்றியதல்ல என்பதால் இங்கே விடுகிறேன்.

ஆகவே என் தீர்ப்பைக் கேட்டால், இப்படிச் சொல்வேன். நலமான உடம்போடு, நேசிப்பவர்களோடு, 100 அல்ல 200 ஆண்டுகள் கிடைத்தாலும் அது வரமே; அதை வேண்டாம் என்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். வெளியேற வழியில்லாத வாழ்வு, அது எத்தனை இன்பமாகத் தொடங்கினாலும், சாபம். பீஷ்மருக்குத் தந்தை கொடுத்த வரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ‘உனக்குச் சாவே இல்லை’ என்று அவர் சொல்லவில்லை, ‘நீ விரும்பும்போது மட்டுமே சாவு வரும்’ என்றார். நம் கதைகள் எல்லாவற்றிலும் ஆகப் பெரிய வரமாக எனக்குத் தெரிவது அதுதான். அதைப் பெற்றவரும் அம்புப் படுக்கையில் கிடந்து உத்தராயணம் வரை காத்திருந்தார், சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு, பின்னர்தான் போனார்.

சாபம் என்றால் மனம் ஏன் அதைக் கேட்கிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மனம் முடிவில்லாமையைக் கேட்கவில்லை என்பதே என் எண்ணம். நாளைக்கு வேண்டாம் என்று கேட்கிறது. நாளையும் அதையே கேட்கும், அதற்கு மறுநாளும் கேட்கும். ஒவ்வொரு நாளும் இன்னொரு நாளைக் கேட்பதும், எல்லா நாட்களையும் சேர்த்து ஒரேயடியாகக் கேட்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. பசிக்கிறவர் ஒரு வேளைச் சோற்றைக் கேட்கிறார், என்றென்றும் உண்டுகொண்டே இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. உங்களுக்கு இப்போது பெரும் பசி. ஒருவரைக் காப்பாற்ற முடியாமல் இழந்த வீட்டில், இருக்கும் மற்றவர்களை எப்படியாவது பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பு எல்லோருக்கும் வருகிறது. மகன் அனுப்பும் போத்தல்களிலும் அந்தத் தவிப்புத்தான் இருக்கிறது. தாயின் கடைசி நாட்களில் அருகில் இருக்க முடியாமற்போன பிள்ளை, தந்தையையாவது தூரத்திலிருந்து காக்கப் பார்க்கிறார்.

அதனால் மாத்திரை வேலை செய்யாது என்று அவரோடு தொலைபேசியில் வழக்காட வேண்டாம். உங்கள் மருந்துகளோடு அவை ஒத்துப்போகுமா என்று பார்க்க, எல்லாப் போத்தல்களையும் ஒரு பையில் போட்டு உங்கள் வழக்கமான வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரத்த அழுத்தத்துக்கோ, இரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து எடுப்பவராயின் இது கட்டாயம். அதுவரை அவற்றை உண்ணாமல் வைத்திருங்கள். பிறகு மகனிடம், அந்தப் பணத்தைச் சேர்த்து ஆண்டுக்கு ஒருமுறை விமானச்சீட்டு எடுத்து வரும்படி கேளுங்கள். உறக்கமின்மையையும் அந்த வைத்தியரிடமே மறைக்காமல் சொல்ல வேண்டும். மனைவி இறந்து ஓராண்டாகும் தறுவாயில் துயரம் மீண்டும் கிளர்வது மிக இயல்பு. ஆனால் உறக்கம் வாரக்கணக்கில் இல்லாமற்போவதும், மனம் ஒரே எண்ணத்தைச் சுற்றுவதும் சிகிச்சையால் தணியக்கூடியவை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை.

மனைவியின் குரல் இன்னும் உங்கள் கைத்தொலைபேசியில் இருக்கக்கூடும். வட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரற்பதிவுகள், சந்தையில் என்ன வாங்கி வர வேண்டும் என்று சொன்னவையானாலும் சரி, அவற்றை இன்றே மகளிடம் கொடுத்து இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மகனுக்கும் ஒன்றை அனுப்புங்கள்.

இறுதியாகப் பேத்தி. ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சாவு திரும்பிவராத ஒன்று என்பது இப்போதுதான் மெல்ல விளங்கத் தொடங்கும் பருவம். அவள் தத்துவம் கேட்கவில்லை, நாளைக்கு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு யார் கூட்டிப்போவது என்பதைத்தான் வேறு விதமாகக் கேட்டாள். நீங்கள் சொன்ன ‘இல்லை’ அன்பினால் வந்தது, அதற்காக உங்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஆனால் அதைத் திருத்திவிடுங்கள், ஏனென்றால் பிள்ளைகள் இத்தகைய சொற்களை நீண்ட காலம் நினைவில் வைத்திருப்பார்கள். அவளை அருகில் இருத்தி, “அண்டைக்குத் தாத்தா பிழையாய்ச் சொல்லிப்போட்டன். எல்லாரையும் போலத் தாத்தாவும் ஒருநாள் சாவன். ஆனால் இப்ப தாத்தாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாளைக்கும் உன்னைக் கூட்டிக்கொண்டு போவன்” என்று சொல்லுங்கள். சில நாட்களில் அதே கேள்வியைத் திரும்பவும் கேட்பாள். அதே விடையை, அதே குரலில் சொல்லுங்கள். வருகிற மாதம் திவசத்தன்று அவளை அடுத்த அறைக்கு அனுப்பாமல், அம்மம்மாவின் படத்துக்கு அவள் கையால் ஒரு பூ வைக்க விடுங்கள். படைப்பதற்கு அம்மம்மாவுக்கு எந்தக் கறி பிடிக்கும் என்று அவள் கேட்டால், அதை நீங்களே சொல்லிக் கொடுங்கள்.